விசில் கேட்டதும் எழுந்து போனவர்

கேள்வி: என் கடைசி மகன் கல்லூரியில் திரைப்படக் கலை படிக்கிறான். போர்ப்படம் எப்படிப் பதற்றத்தை உண்டாக்குகிறது, ஒரு நாட்டின் வரலாற்றை எப்படிக் காட்டுகிறது என்று கட்டுரை எழுத வேண்டுமாம். நான் பத்துத் தடவைக்கு மேல் பார்த்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கைதிகள், சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) அவனுடைய ரயில் பாதைக்குப் பாலம் கட்டுகிற கதை. முடிந்ததும், “இது வெள்ளைக்காரன் தனக்குத்தானே போட்டுக்கிட்ட மாலை. இதுல நம்மாளு ஒருத்தனாவது இருக்கானா?” என்று கேட்டான். படத்தைப் படமாகப் பார்க்கத் தெரியாதவன் என்று நானும் கத்திவிட்டேன். இரண்டு வாரமாகச் சரியான பேச்சில்லை. அன்று வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். என் அம்மா (88 வயது) மட்டும் கடைசியில் ரயில் விசில் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவருக்கு இங்கிலீஷ் புரியாது. பொதுவாகவே சினிமா ஆகாது. ஓசிப் படம் என்றால் திட்டவே திட்டுவார். அவருடைய அப்பாகூட ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போனவர்தான், திரும்பவில்லை. பெயர் முனியனோ மூக்கனோ, சரியாக ஞாபகமில்லை. எங்களில் யார் சொல்வது சரி?
– கே., சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அப்பனும் மகனும் சினிமாவை வைத்து முறைத்துக்கொள்கிற கடிதங்கள் இந்தப் பகுதிக்கு நிறைய வருகின்றன. அதற்கு ஒரு வரி போதும். பதற்றத்தைக் கட்டிய விதத்தில் நீங்கள் சொல்வது சரி, வரலாற்றில் உங்கள் மகன் சொல்வது சரி. போய்ப் பேசுங்கள்.

என் கண் நின்ற இடம் வேறு. ரயில் விசில் கேட்டதும் ஒரு 88 வயதுக் கிழவி எழுந்து போயிருக்கிறார். இங்கிலீஷ் புரியாததால் என்று நீங்களே காரணமும் எழுதிவிட்டீர்கள். விசில் சத்தம் புரிய இங்கிலீஷ் எதற்கு ஐயா? இரண்டு மணி நேரத்துக்கு மேல் புரியாத மொழியில் உட்கார்ந்து பார்த்தவர், புரிகிற ஒரே சத்தம் வந்ததும் எழுந்துவிட்டார். யாராவது பின்னாலேயே போனீர்களா? ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

பத்துத் தடவை பார்த்தவர் என்பதால் அந்தக் கடைசிக் காட்சியையே எடுத்துக்கொள்கிறேன். பாலத்தை உடைக்க வந்த நேச நாட்டுக் கமாண்டோக்கள் இரவோடு இரவாகப் பாலத்தின் கால்களில், தண்ணீருக்கு அடியில், வெடி கட்டிவிட்டார்கள். கம்பி ஆற்றுக்குள்ளேயே போகிறது. கீழே கரையோரம் ஒரு பையன் வெடிப்பெட்டியோடு பதுங்கியிருக்கிறான். விடிந்து பார்த்தால் ஆற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கம்பி மணல்மேல் பல்லிளிக்கிறது. இயக்குநர் டேவிட் லீன் இதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. வெடி இருப்பது நமக்குத் தெரியும், ரயில் வரப்போவதும் தெரியும். பாலத்தைக் கட்டிய கைதிகளின் தலைவர், பாலத்தின்மேல் உலாத்துகிற கர்னல் நிக்கல்சனுக்குக் கம்பி தெரியாது. தெரிந்தால் என்ன செய்வார் என்பதோ நமக்குத் தெரியும், ஏனென்றால் அவருடைய வீம்பை அதுவரை படம் முழுக்கப் பார்த்திருக்கிறோம். அவர் குனிகிறார், பார்க்கிறார், இறங்கி வந்து கம்பியைக் கையால் இழுத்துக்கொண்டே நடக்கிறார். நெஞ்சை அடைக்க மேளதாளம் தேவைப்படவில்லை. ஆற்றுச் சத்தம் போதும், தூரத்தில் ரயில் போதும். நாம் சத்தம் போட்டு எச்சரிக்கவும் முடியாது. யாரை எச்சரிப்பது என்பதிலும் குழப்பம்: பாலம் உடைய வேண்டும் என்றும் நினைக்கிறோம், கட்டியவரின் உழைப்பைப் பார்த்து ஐயோ என்றும் நினைக்கிறோம். மகன் கட்டுரையில் இதை எழுதட்டும். வெடி பெரியதா சிறியதா என்பதில் பதற்றம் இல்லை. யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பங்கு பிரித்ததில் இருக்கிறது.

இந்தப் பங்கு உங்கள் கூடத்திலும் அன்று நடந்தது. சயாம் ரயில் என்றால் என்ன என்று கூடத்திலிருந்தவர்களில் ஒருவருக்குத்தான் தெரியும். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி வரலாறு. படத்தை எடுத்தது இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். 1957இல் வெளியாகி ஏழு ஆஸ்கார் வாங்கியது. நிஜப் பாலம் தாய்லாந்தின் காஞ்சனபுரி அருகே தாமர்கானில் இருக்கிறது; அப்போது அது நின்ற ஆற்றுக்கு மே குலோங் என்று பெயர். ‘குவாய் நதிப் பாலம் எங்கே’ என்று சுற்றுலாக்காரர்கள் கேட்டுக்கொண்டே வர, 1960இல் தாய்லாந்துக்காரர்கள் ஆற்றின் அந்தப் பகுதிக்கே பெயரை மாற்றிவிட்டார்கள். அங்கே கட்டியது ஒன்றல்ல, இரண்டு பாலங்கள். முதலில் மரம், பிறகு இரும்பு. இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து வந்தவை. கமாண்டோ எவரும் வந்து வெடி வைக்கவில்லை; 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. ஜப்பானிய இன்ஜினியர்களுக்குப் பாலம் கட்டத் தெரியவில்லை, பிரிட்டிஷ்காரர் வந்துதான் வழி காட்டினார் என்பது சுத்தக் கதை. நிஜத்தில் அந்த முகாமின் மூத்த பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் டூசி தன் ஆட்களை உயிரோடு காப்பாற்றத்தான் பாடுபட்டார், எதிரிக்குப் பாலம் கட்டிப் பெருமைப்பட்டவர் அல்ல. கைதிகளாயிருந்து திரும்பியவர்கள் பலருக்குப் படம் கசந்ததற்கு இது ஒரு காரணம்.

இதெல்லாம் கதாசிரியர் எடுத்துக்கொள்ளும் சலுகை என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தில் ஆளே இல்லாத இடம் ஒன்று உண்டு, அதற்குச் சலுகை கிடையாது. ஜப்பானியர் போட்ட அந்த ரயில் பாதை பர்மாவின் தன்புயூசயாத்திலிருந்து தாய்லாந்தின் நோங் பிளாடுக் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் மூன்று மடங்கு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும் பகுதி ரப்பர் தோட்டத் தமிழர்கள். ஆசியர்களில் செத்தவர்கள் 80,000இலிருந்து ஒரு லட்சம் வரை என்பது மதிப்பீடுதான், ஏனென்றால் எண்ணி வைக்க ஆள் இல்லை.

அவர்கள் ஏன் இவ்வளவு பேர் செத்தார்கள் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். கைதிகளுக்குச் சொந்தப் பட்டாளமும் அதிகாரிகளும் இருந்தார்கள். முக்கியமாக, கூடவே சிறைப்பட்ட டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கக்கூஸ் குழியைத் தள்ளி வெட்டு, காலரா வந்தவனைத் தனியே வை என்று சொல்ல ஆள் இருந்தது. தோட்டத்துத் தமிழனுக்கு அந்தக் கட்டமைப்பு எதுவும் கிடையாது. சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது அந்த முகாம்கள் காலியாயின.

உங்கள் கடிதத்தில் வரிக்கு நடுவே இன்னொன்றையும் போட்டிருக்கிறீர்கள்: ‘ஓசிப் படம் என்றால் திட்டவே திட்டுவார்.’ சயாமுக்கு ஆள் சேர்த்த விதம் உங்களுக்குத் தெரியுமா? முதலில் ஆசை காட்டினார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், சாப்பாடு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று. போனவர்கள் திரும்பாததால் ஆள் வரத்து நின்றது. பிறகு பிடித்துப் போனார்கள். அதில் ஒரு வழி, ஊர்க் கொட்டகையில் இலவசப் படம் என்று அறிவிப்பது. கொட்டகை நிரம்பியதும் கதவைச் சாத்தி, உள்ளே இருக்கிற ஆம்பிளைகளை அப்படியே கூட்ஸ் வண்டியில் ஏற்றிவிடுவது. உங்கள் பாட்டனார் அப்படித்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அம்மா சும்மா எரிந்துவிழுகிறார் என்று நீங்கள் இத்தனை வருடம் சிரித்துக்கொண்டிருந்தீர்களே, ஒரு நாளாவது ஏன் என்று கேட்டீர்களா என்பதுதான் என் கேள்வி.

படத்தில் பாலம் முடிந்ததும் நிக்கல்சன் ஒரு பலகை அடித்து வைப்பார், நினைவிருக்கிறதா? பிரிட்டிஷ் ராணுவத்தினர் வடிவமைத்துக் கட்டியது, 1943 பிப்ரவரி முதல் மே வரை, கட்டளை அதிகாரி இன்னார் என்று. கற்பனை மனிதர் ஒருவருக்குப் பெயர்ப் பலகை உண்டு. அதைப் பத்துத் தடவை பார்த்த உங்களுக்கு, நிஜமாகச் செத்த சொந்தத் தாத்தா முனியனா மூக்கனா என்று தெரியவில்லை. எனக்கு இதில் தயவு தாட்சண்யம் கிடையாது. பெற்றவளுக்குச் சோறு போடுவதோடு பிள்ளையின் கடமை முடியாது. அவளுக்கு முந்தியவரின் பெயரை வாங்கி அடுத்தவன் கையில் கொடுப்பதும் அதில் சேர்த்தி.

வேலைக்கு வருவோம். கேட்பது மகனாக இருக்கட்டும். உங்களிடம் அம்மா, “அதெல்லாம் எதுக்குப்பா இப்ப” என்று முடித்துவிடுவார். பேரனிடம் அப்படிச் சொல்ல மாட்டார். காலைத் தேநீருக்குப் பிறகு, முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பதிவில் அதுதான் பேசும். கைப்பேசியை அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின்மேல், அவரிடமிருந்து ஒரு முழத்தில் வையுங்கள். மேசையில் நேராக வைத்தால் தம்ளர் வைக்கிற சத்தமெல்லாம் இடியாக விழும். தொடக்கத்தில் தேதியையும் பேசுகிறவர் பெயரையும் மகன் சொல்லிவிட வேண்டும். முடிந்த அன்றே இரண்டு இடத்தில் நகல்.

“ஜப்பான்காரன் அடிச்சானா பாட்டி?” என்று கேட்டால் ஆமாம் என்பார், பாட்டி வாயால் நீங்கள் பார்த்த படமே திரும்பி வரும். தோட்டத்துக் கூலி வீடுகளின் வரிசையான லயத்தில் எத்தனையாவது வீடு, கங்காணி யார், அரிசி இல்லாதபோது மரவள்ளியை எப்படிச் சமைத்தார்கள், அப்பா போன அன்று என்ன கட்டியிருந்தார் என்று கேளுங்கள். அப்போது அவருக்கு ஐந்தாறு வயதுதான். வருடம் மாதம் சொல்லத் தெரியாது, வேட்டி நிறம் தெரியும். தேதி தவறினால் திருத்தாதீர்கள், குறித்து வைத்துப் பிறகு சரிபார்க்கலாம். பேச்சு நின்றால் மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள், அதற்குள் வாயைத் திறக்கக் கூடாது. பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் விஷயம் வரும். அழுதால் தண்ணீர் கொடுத்து, நிறுத்தலாமா என்று கேளுங்கள். முடிவு அவருடையது. அந்த நேரத்தில் நீங்கள் கூடத்தில் இருக்க வேண்டாம், கடைக்குப் போய் வாருங்கள்.

அதன்பிறகு அம்மாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், தகப்பன் பெயர் இருக்கும். அவர் சொன்னதோடு எழுத்து ஒத்துப்போகாமல் இருக்கலாம், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைப் பதிவேட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அது பட்டாளத்தாருக்கானது. காஞ்சனபுரிக் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேருக்குக் கல் இருக்கிறது. கூலிகளுக்கு அப்படி இல்லை. அதே ஊரில் வாட் தாவோர்ன் வராராம் விகாரையில் பெயர் தெரியாத எலும்புகளுக்கு மேல் ஒரு நினைவுத் தூண் உண்டு. அம்மாவுக்கு உடம்பு தாங்கி, அவரே விரும்பினால் கூட்டிப் போங்கள். உங்கள் ஊரிலிருந்து தாய்லாந்து எல்லை அப்படியொன்றும் தூரமில்லை.

முதல் கேள்வியாக மகன், “பாட்டி, உங்க அப்பா பேரு என்ன?” என்று கேட்கட்டும். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதட்டும், முனியனை முனியாண்டியாக்க வேண்டாம்.