சிகாகோ மேயர் தேர்தல்: ஓட்டு எங்கே பிரிந்தது என்று பாருங்கள்

சிகாகோ மேயர் தேர்தல்களைப் பற்றி வந்திருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். 1983 பற்றிய பதில் மட்டும் நீண்டுவிட்டது, அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: பனிப்புயலால் ஒரு மேயர் பதவியை இழந்தார் என்கிறார்களே, அது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மைதான், ஆனால் பாதிக் கதை. 1979 ஜனவரி 13, 14 தேதிகளில் சுமார் 20 அங்குலப் பனி கொட்டியது, அதுவும் புத்தாண்டுச் சமயத்தில் விழுந்த பனி கரையாமல் கிடந்ததன் மேலேயே. தெருக்கள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. மேயர் மைக்கேல் பிலாண்டிக் நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார், மக்களோ வாசலைத் தாண்ட முடியாமல் நின்றார்கள். அதைவிட ஆழமாகப் பதிந்த காயம் ரயில் விஷயம். நேரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று சில ரயில்களை கருப்பினத்தவர் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிறுத்தாமல் ஓட்டினார்கள். குளிரில் நடைமேடையில் நிற்பவர் கண்ணெதிரே ரயில் நிற்காமல் போகிறது என்றால் அதை அவர் மறப்பாரா?

பிப்ரவரி கடைசியில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் தேர்தல். பிலாண்டிக்கே வேலையிலிருந்து நீக்கியிருந்த ஜேன் பர்ன் 17,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்து, நகரத்தின் முதல் பெண் மேயர் ஆனார். பனி இல்லாவிட்டால் பிலாண்டிக் தோற்றிருப்பாரா என்று கேட்டால், அநேகமாக இல்லை என்பேன். ஆனால் பனி தானாக ஓட்டை மாற்றவில்லை, அந்த ரயில்கள் மாற்றின.

கேள்வி: முதல் மேயர் யார்? எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள்?

வில்லியம் ஆக்டன், 1837 மே மாதம். நகரத்தின் மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம், பதிவான வாக்குகள் சுமார் 700. அப்போது பதவிக்காலம் ஓராண்டுதான். 1863இல் இரண்டு ஆண்டானது, 1907இல்தான் இப்போதுள்ள நான்கு ஆண்டு. பெண்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்குரிமை தந்தது 1913ஆம் ஆண்டுச் சட்டம், முதன்முதலாக அவர்கள் மேயருக்கு ஓட்டுப் போட்டது 1915இல்.

கேள்வி: குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர்கூட 1931க்குப் பிறகு அங்கே மேயர் ஆகவில்லையாமே? ஏன்?

ஆமாம், கடைசியாக இருந்தவர் ‘பிக் பில்’ என்று அழைக்கப்பட்ட வில்லியம் ஹேல் தாம்சன். கள்ளச்சாராயக் கும்பல்கள் தெருவை ஆண்ட காலத்து மேயர். 1931இல் அவரை எதிர்த்தவர் ஆன்டன் செர்மாக், பொஹீமியாவில் பிறந்து கைக்குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தவர். தாம்சன் மேடைக்கு மேடை செர்மாக்கின் பெயரையும் பிறப்பையும் தள்ளுவண்டிப் பிழைப்பையும் கேலி செய்தார். செர்மாக் சொன்ன பதில் இன்றைக்கும் அங்கே பேசப்படுகிறது: நான் (முதல் ஆங்கிலேயக் குடியேறிகள் சிலரைச் சுமந்துவந்த) மேஃபிளவர் கப்பலில் வந்தவன் இல்லைதான், ஆனால் முடிந்த உடனே வந்துவிட்டேன்.

அந்த நகரமே அப்படி வந்தவர்களால் ஆனதுதான். செக், போலிஷ், யூதர், இத்தாலியர், ஐரிஷ் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் கட்சியில் ஓர் இடம் கொடுத்து செர்மாக் ஒரே கூரைக்குள் சேர்த்தார். சுமார் 1,90,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பொருளாதாரப் பெருமந்தமும் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களும் மீதி வேலையைச் செய்தன. அதுவரை தாம்சன் பக்கம் இருந்த கருப்பின வாக்குகளும் முப்பதுகளில் மெல்ல மெல்ல ஜனநாயகக் கட்சிக்கு நகர்ந்தன.

அப்புறம் வந்ததுதான் ‘மெஷின்’ என்கிற கட்சி இயந்திரம். 1955 முதல் 1976 டிசம்பரில் இறக்கும்வரை மேயராக இருந்த ரிச்சர்ட் ஜே. டேலி, அதே சமயம் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கட்சித் தலைவரும்கூட. நகராட்சி வேலைகள் பல்லாயிரம் அவர் கையில் இருந்தன. வாக்குச்சாவடி ஒவ்வொன்றுக்கும் கட்சியின் ஒரு கேப்டன் உண்டு, எந்த வீட்டில் யாருக்கு வேலை வேண்டும், எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும், தேர்தல் அன்று அந்த வீடுகளிலிருந்து எத்தனை ஓட்டு வரும் என்றும் தெரியும். வேலை கொடுத்து ஓட்டு வாங்கும் இந்த முறைக்கு எதிராக 1969இல் தொடரப்பட்ட ஷாக்மன் வழக்கு எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அதன் கையைக் கட்டியது. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. 1963இல் டேலிக்கு வெள்ளையர் வாக்கில் சரிவு ஏற்பட்டபோது அவரைக் காப்பாற்றியவை தெற்குப் பக்கத்துக் கருப்பின வார்டுகள். அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது மிகக் கொஞ்சம். அந்தக் கணக்கு இருபது வருஷம் கழித்துத் தீர்ந்தது.

கேள்வி: பதவியில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்ட மேயர்கள் உண்டா?

இரண்டு பேர். 1893 அக்டோபர் 28, உலகக் கண்காட்சி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, கார்ட்டர் ஹாரிசன் தன் வீட்டிலேயே சுடப்பட்டார். இன்னொருவர் மேலே சொன்ன செர்மாக். 1933 பிப்ரவரியில் மயாமியில், பதவியேற்கவிருந்த ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்த துப்பாக்கியின் குண்டு இவர்மேல் பாய்ந்து, மார்ச் 6 அன்று இறந்தார்.

கேள்வி: ஹெரால்ட் வாஷிங்டன் ஜெயித்தது அதிர்ஷ்டத்தால், வெள்ளையர் ஓட்டு இரண்டாகப் பிரிந்ததால்தான் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரியா?

உங்கள் நண்பர் பிரைமரியை மட்டும் பார்க்கிறார். 1983 பிப்ரவரி பிரைமரியில், பின்னர் நகரத்தின் முதல் கருப்பின மேயரான வாஷிங்டன் சுமார் 36 சதவீதம், ஜேன் பர்ன் 33-34, டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி 30. பர்னும் டேலியும் ஒரே தொகுப்பைப் பங்கு போட்டார்கள் என்பது சரிதான். ஆனால் அந்த 36 எங்கிருந்து வந்தது? பர்ன் கருப்பின ஆதரவோடு ஜெயித்துவிட்டு, பிறகு வீட்டுவசதி வாரிய நியமனங்களில் அவர்களை ஒதுக்கினார். அந்தக் கோபத்தில் 1982இல் தேவாலயங்களும் வானொலியும் தெருக்குழுக்களும் சேர்ந்து வாக்காளர் பதிவில் இறங்கி, ஒரு லட்சத்துக்கும் மேல் புதிய பெயர்களைப் பட்டியலில் ஏற்றினார்கள். அப்போது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வாஷிங்டன் முதலில் போட்டியிடத் தயங்கினார், முதலில் பதிவு செய்து காட்டுங்கள் என்றார், காட்டினார்கள். எதிரணி பிரிந்தது ஒரு வாய்ப்பு, அதைப் பயன்படுத்த ஆள் சேர்த்து வைத்தது உழைப்பு. இதை அதிர்ஷ்டம் என்று சொல்வது அந்த மனிதர்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதை இல்லாமல் செய்வது.

சரி, அடுத்தது பொதுத்தேர்தல். அங்கே வேறு இரண்டு பேர் ஓட்டைப் பிரிக்கவில்லை, நேருக்கு நேர். ஐம்பது வருஷமாக ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்றாலே வெற்றி உறுதி என்றிருந்த ஊரில், பெரிதாக யாருக்கும் தெரியாத குடியரசுக் கட்சி வேட்பாளர் பெர்னார்ட் எப்டனின் பின்னால் ஜனநாயகக் கட்சியின் வார்டு தலைவர்களே பலர் போய் நின்றார்கள். எப்டனின் விளம்பர வாசகம் “காலம் கடந்துபோகும் முன்”. எதற்கு முன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குருத்தோலை ஞாயிறன்று வாஷிங்டனும் முன்னாள் துணை அதிபர் வால்ட்டர் மாண்டேலும் வடமேற்குப் பகுதியில் ஒரு தேவாலயத்துக்குப் போனபோது வாசலிலேயே கூட்டம் கூச்சலிட்டு அவர்களை அவமதித்தது. ஏப்ரல் 12 அன்று முடிவு: வாஷிங்டன் 6,68,176, எப்டன் 6,19,926. பதிவு செய்த வாக்காளர்களில் ஏறத்தாழ 82 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கருப்பின வாக்கு கிட்டத்தட்ட முழுவதும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் பெரும்பான்மை, வெள்ளையரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த 48,250 ஓட்டு. இதில் எது குறைந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும்.

ஜெயித்த பிறகும் விடவில்லை. 50 ஆல்டர்மேன்களில், அதாவது வார்டு உறுப்பினர்களில், 29 பேர் எட்வர்ட் வர்டோலியாக், எட்வர்ட் பர்க் தலைமையில் அவருக்கு எதிராக அணி கட்டினார்கள். நியமனங்கள் எல்லாம் முடங்கின. ஆனால் மேயரின் வீட்டோவை, அதாவது மறுப்பு அதிகாரத்தை, உடைக்க 34 பேர் வேண்டும், அவர் பக்கம் 21 பேர் இருந்தார்கள், ஆகவே அவர்களாலும் நினைத்ததை நிறைவேற்ற முடியவில்லை. வார்டு எல்லைகள் சிறுபான்மையினருக்குப் பாதகமாக வரையப்பட்டவை என்று நீதிமன்றம் சொல்ல, 1986இல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்து கணக்கு 25-25 ஆனது. சமநிலையில் மேயரின் ஓட்டுதான் தீர்ப்பு. மூன்று வருஷம் காத்திருந்து, எல்லைக்கோட்டை மாற்றி எட்டிய நிலை அது.

கேள்வி: ஹெரால்ட் வாஷிங்டன் இறந்ததும் மக்கள் உடனே புதிய மேயரைத் தேர்ந்தெடுத்தார்களா?

இல்லை. 1987இல் மீண்டும் ஜெயித்து, அதே ஆண்டு நவம்பர் 25 அன்று தன் அலுவலகத்திலேயே மாரடைப்பில் சரிந்தார். இடைக்கால மேயரை நகர்மன்றம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டிசம்பர் 1 இரவு தொடங்கிய கூட்டம் விடியற்காலை நாலு மணி வரை போனது, வெளியே ஆயிரக்கணக்கானோர் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனின் அணியைச் சேர்ந்த யூஜின் சாயரே வந்தார், ஆனால் அவரைத் தூக்கிவிட்டவை பெரும்பாலும் வாஷிங்டனின் எதிரிகளின் ஓட்டுகள். அந்த அணி அன்றைக்கே உடைந்தது. 1989 சிறப்புத் தேர்தலில் சாயர் ஒரு பக்கம், டிமதி எவன்ஸ் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்க, ரிச்சர்ட் எம். டேலி மேயரானார், 2011 வரை இருந்தார். 1983இல் எந்தப் பிளவு டேலியைத் தோற்கடித்ததோ, அது இம்முறை இடம் மாறியிருந்தது.

கேள்வி: பீருக்காக ஆட்சி மாறிய கதை என்று எங்கோ படித்தேன்.

1855. வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களை எதிர்க்கும் கட்சியின் லீவை பூன் மேயரானதும் மதுக்கடை உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300 ஆக்கினார், ஞாயிற்றுக்கிழமை கடையை மூடு என்றார். வாரத்தில் ஒரே விடுமுறை நாளில் பீர்க்கடையில் கூடுவது ஜெர்மானியர்களின் வழக்கம். ஏப்ரல் 21 அன்று கலவரமானது, ஆற்றுப்பாலத்தைத் திருப்பி வைத்துக் கூட்டத்தைத் தடுத்தார்கள். மறு வருஷம் ஜெர்மானியரும் ஐரிஷ்காரர்களும் திரண்டு வந்து ஓட்டுப் போட்டதில் அந்த அணி போனது, கட்டணமும் பழைய 50க்கே திரும்பியது.

கேள்வி: இப்போது வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாதாமே? 12,500 கையெழுத்து என்கிறார்களே, அது என்ன?

1995இல் மாநிலச் சட்டமன்றம், அப்போது இரு அவைகளும் குடியரசுக் கட்சி வசம், சிகாகோ மேயர் தேர்தலைக் கட்சி சாராததாக மாற்றியது. 1999 முதல் நடைமுறை. பிப்ரவரியில் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள், 50 சதவீதத்துக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கு ஏப்ரலில் இரண்டாம் சுற்று. அதாவது 36 சதவீதத்தோடு 1983இல் நடந்தது இனி நடக்காது. பெரும்பான்மை வேண்டும் என்ற கொள்கை எனக்கு நியாயமாகவே படுகிறது, ஆனால் அது வாஷிங்டனுக்குப் பிறகுதான் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்று முதன்முதலாகத் தேவைப்பட்டது 2015இல்தான், அப்போதைய மேயர் ராம் இமானுவேலும் ‘சூயி’ கார்சியாவும் மோதியபோது.

கையெழுத்து என்பது மனுவோடு தர வேண்டிய வாக்காளர் ஆதரவு. எதிராளியின் வக்கீல்கள் ஒவ்வொரு கையெழுத்தாக ஆட்சேபித்துப் பலரைத் தேர்தலுக்கு முன்பே வெளியேற்றிவிடுவது அங்கே பழைய தந்திரம், சாதாரண மனிதர்கள் நிற்பதை இது கடினமாக்குகிறது. வசிப்பிட நிபந்தனையும் ஒன்று உண்டு. வாஷிங்டன் நகரில் அதிபரின் தலைமை அலுவலராக இருந்த காலத்தில் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார் என்று 2011 ஜனவரி 24 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இமானுவேலையே பட்டியலிலிருந்து நீக்கியது. மூன்றே நாளில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பிப்ரவரியில் 55 சதவீதத்தோடு ஜெயித்தார்.

கேள்வி: லோரி லைட்ஃபுட் 50 வார்டிலும் ஜெயித்தவர், நாலே வருஷத்தில் எப்படித் தோற்றார்?

50 வார்டும் இரண்டாம் சுற்றுக் கணக்கு. 2019 முதல் சுற்றில் 14 பேர் நின்றார்கள், அவருக்கு விழுந்தது 17.5 சதவீதம். 1983இல் 29 பேர் அணியை நடத்திய அதே பர்க் மீது அந்த ஜனவரியில்தான் மத்திய அரசின் ஊழல் வழக்கு பாய்ந்திருந்தது, பழைய அரசியலுக்கு வெளியே இருக்கும் ஒருவரை ஊர் தேடியது, ஏப்ரலில் சுமார் 74 சதவீதம் அவர் பக்கம் திரும்பியது. அதில் பாதிக்கு மேல் அவருடைய சொந்த ஓட்டு இல்லை. 2023இல் மீண்டும் பலமுனைப் போட்டி, மீண்டும் 17 சதவீத அளவில்தான் வந்தார், இம்முறை அது மூன்றாம் இடம். இரண்டாம் சுற்றில் பால் வல்லாஸை பிராண்டன் ஜான்சன் சுமார் 52-48 என்று வென்றார். 2019, 2023 இரண்டிலும் எந்தச் சுற்றிலும் வாக்குப்பதிவு 40 சதவீதத்தைத் தொடவில்லை.