மார்பகத்தைத் தானே அழுத்திப் பார்ப்பது, மசாஜ் செய்வது ஆபத்தா?

"மாதாமாதம் அழுத்திப் பார்த்தால், உள்ளே புற்றுக்கட்டி ஏதாவது இருந்து அது பரவிவிடாதா? எண்ணெய் தேய்த்து நீவலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பரவாது. டாக்டர்களும் விரலால் அழுத்தித்தான் பார்க்கிறார்கள். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து நன்றாகவே அழுத்துகிறார்கள். 'ஊசி குத்தினால் பரவிடும்' என்று பயாப்சிக்கு, அதாவது கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பதற்குப் பயப்படுவதும் தேவையில்லாத பயம்தான்.

எனக்குக் கவலை எண்ணெய் விஷயத்தில்தான். என் பெரியம்மாவுக்கு அக்குளை ஒட்டி ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு, வலியே கிடையாது. விளக்கெண்ணெயைக் கரண்டியில் லேசாகச் சூடு பண்ணி, ராத்திரி படுக்கப்போகும் முன் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். "கரைஞ்சிட்டு வருதுடி" என்பார். மேல்தோல் உள்ளிழுத்துக் குழி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒப்புக்கொண்டார். நீவியதால் புற்று வரவில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனால் சிகிச்சை தொடங்க வேண்டிய பல மாதங்கள் அதில் போய்விட்டன. வலிக்காத கட்டியை நம் வீடுகளில் யாரும் கண்டுகொள்வதில்லை. புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

அதனால் கட்டி தட்டுப்பட்டால் நீவாதீர்கள், ஒத்தடமும் வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். கட்டி எதுவும் இல்லாதபோது எண்ணெய்க் குளியலில் மென்மையாகத் தேய்ப்பதில் தப்பில்லை. மசாஜ் செய்தால் மார்பகம் பெரிதாகும், புற்று வராது என்று விற்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். பால் கொடுக்கிற பெண்களுக்கு இன்னொன்று: பால் கட்டிக்கொண்டால் அழுத்திப் பிசைவது வீக்கத்தையும் வலியையும் கூட்டும். குழந்தைக்கு வழக்கம்போலக் கொடுங்கள், குளிர்ந்த துணி வையுங்கள். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சரி, சுயபரிசோதனையில் ஆபத்தே இல்லையா? சீனாவின் ஷாங்காய் நகரத் துணி ஆலைகளில் 2,66,064 பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதைக் கற்றுக்கொடுத்து, பத்தாண்டு போலக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. மார்பகப் புற்றால் இறந்தவர்கள் கற்றவர்களில் 135 பேர், கற்றுக்கொள்ளாதவர்களில் 131 பேர். சாதாரணக் கட்டிக்காகப் பயாப்சி வரை போனவர்கள் மட்டும் கற்ற குழுவில் அதிகம். அதாவது, வீண் பயமும் அலைச்சலும் வரலாம். அதைவிட மோசமானது, "நானே பார்த்துட்டேன், ஒண்ணுமில்ல" என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடுவது.

இருந்தாலும் நம் உடம்பு நமக்குப் பழகியிருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். மாதவிலக்கு தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் மார்பகம் கனத்து, எல்லாமே கட்டி மாதிரி தெரியும். நடு மூன்று விரல்களின் உட்பக்கத்தால் சின்னச் சின்ன வட்டமாக, அக்குள் வரைக்கும் தடவிப் பாருங்கள். கிள்ளிப் பார்த்தால் சதையெல்லாம் கட்டியாகத்தான் படும். காம்பைப் பிதுக்க வேண்டாம், பிதுக்கினால் சிலருக்கு நீர் வருவது சாதாரணம். தானாகக் கசிந்தால், அதிலும் ரத்தமாக இருந்தால், உடனே காட்டுங்கள். புதிதாகக் காம்பு உள்ளிழுத்தாலோ தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போலக் குழிகுழியாக ஆனாலோ அதேபோல உடனே காட்டுங்கள்.

முப்பது வயது தாண்டியிருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசமாகவே கிடைக்கும். கூச்சமாக இருந்தால், பெண் நர்ஸ் பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.