பேசத் தெரிந்தால் யோசிக்கத் தெரியுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மொழி, மூளை, கணினி பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

கேள்வி: மனதுக்குள் யோசிக்கும்போதும் சொற்களால்தானே யோசிக்கிறோம்? இவ்வளவு சரளமாகச் சொற்களைக் கையாளும் ஏஐயும் யோசிக்கிறது என்றுதானே அர்த்தம்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

உங்கள் வாதத்தின் முதல் படியிலேயே சிக்கல் இருக்கிறது. சொற்கள் இல்லாமலும் யோசனை நடக்கிறது. மூளையின் இடப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நடுப் பெருமூளைத் தமனி அடைபட்டால் பலருக்குப் பேச்சு போய்விடும். பிறர் பேசுவதும் விளங்காது. அஃபேசியா என்று சொல்வது இதைத்தான். பிரிட்டனில் ரோஸ்மேரி வார்லியின் குழு 2005இல் இப்படிப்பட்ட மூன்று பேரைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. இலக்கணத்தை அவர்கள் ஏறக்குறைய முழுவதுமாக இழந்திருந்தார்கள். மனிதன் சிங்கத்தைக் கொன்றானா, சிங்கம் மனிதனைக் கொன்றதா என்பதை ஒரு வாக்கியத்தைப் படித்து அவர்களால் சொல்ல முடியவில்லை. (ஆங்கிலத்தில் 'ஐ' உருபு கிடையாது. சொல் நிற்கும் இடத்தை வைத்துத்தான் கொன்றது யார், செத்தது யார் என்று தெரியும்.) ஆனால் கழித்தலில் எந்த எண் முன்னால், எந்த எண் பின்னால் என்பதில் அவர்கள் குழம்பவில்லை. அடைப்புக்குறி போட்ட கணக்குகளையும் செய்தார்கள்.

எம்.ஐ.டி.யில் எவெலினா ஃபெடோரென்கோவின் ஆய்வுகள் இதை நலமாக இருப்பவர்களிடமும் காட்டின. எம்ஆர்ஐ இயந்திரத்தில் ஒருவரைப் படுக்கவைத்து முதலில் வாக்கியங்களையும், பிறகு பொருளற்ற அசைகளையும் படிக்கச் சொல்கிறார்கள். வாக்கியத்துக்கு அதிகமாக இயங்கும் இடத்தை அவருடைய மொழிப்பகுதி என்று குறித்துக்கொள்கிறார்கள். அடுத்து கூட்டல், நினைவாற்றல் பயிற்சி, இசை என்று வேறு வேலைகள். மொழிப்பகுதி அவற்றில் அநேகமாகச் சும்மா இருக்கிறது. இந்த இடம் ஆளுக்கு ஆள் சற்றுத் தள்ளி அமைந்திருக்கும் என்பதால் ஒவ்வொருவருக்கும் தனியாகக் குறிப்பது அவசியம். எல்லோர் மூளையையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பக்கத்துப் பகுதிகள் கலந்துவிடும். மொழியும் கணக்கும் ஒரே இடத்தில் நடப்பதுபோல் தோன்றும்.

மனதுக்குள் கேட்கும் குரல் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. அது யோசனைக்குத் துணை செய்கிறது. யோசனை முழுவதும் அது இல்லை. ஆகவே சரளமான பேச்சை மட்டும் வைத்து யோசனை இருப்பதாக முடிவுகட்ட முடியாது. பேச்சு இல்லாததை வைத்து யோசனை இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் வீட்டில் இருந்தால் இரண்டாவதை மறக்க வேண்டாம். அவர் எதிரிலேயே அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் பேசிக்கொள்வது பெரிய கொடுமை.

கேள்வி: தமிழில் பேசுபவர் யோசிக்கும் விதம் வேறு, ஆங்கிலத்தில் பேசுபவர் யோசிக்கும் விதம் வேறு என்கிறார்களே?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

இதைத் தமிழர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தோடு சேர்ந்து எரிக் பெடர்சன் 1990களில் செய்த ஆய்வு அது. கிராமத்துத் தமிழர் பெரும்பாலும் 'சொம்பு வடக்கே இருக்கிறது' என்று திசை சொல்லிப் பேசுவார்கள். நகரத்துத் தமிழர் 'இடப்பக்கம்', 'வலப்பக்கம்' என்பார்கள். ஒரே மொழியில் இரண்டு பழக்கம் என்பதால் ஒப்பிட வசதி.

சோதனை எளிது. மேசையில் பொம்மை விலங்குகளை வரிசையாக வைக்கிறார்கள். பார்த்து மனதில் வைத்துக்கொண்டவரை எதிர்ப்புறம் திருப்பி, வேறொரு மேசையில் அதே வரிசையை வைக்கச் சொல்கிறார்கள். வடக்கு நோக்கிய ஆடு வடக்கையே நோக்கினால் அவர் திசையால் நினைவு வைத்திருக்கிறார். வலப்பக்கம் பார்த்த ஆடு மீண்டும் அவருடைய வலப்பக்கத்தையே பார்க்கும்படி வைத்தால் தன் உடலை வைத்து நினைவு வைத்திருக்கிறார். இந்த வேலையில் பேச்சே கிடையாது. இருந்தும் பேச்சுப் பழக்கமும் வைத்த விதமும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

2002இல் பெக்கி லீ, லைலா கிளைட்மன் இருவரும் இதை மறுத்தார்கள். அறைக்குள் எடுப்பாகத் தெரியும் அடையாளம் ஒன்றை வைத்தால் ஆங்கிலம் பேசுபவர்களும் முறையை மாற்றிக்கொள்கிறார்கள் என்று காட்டினார்கள். மொழி ஒரு பழக்கத்தை ஊட்டுகிறது, வேறு வழியை அடைத்துவிடுவதில்லை என்பதே என் முடிவு. கணினியின் நிலை இங்கே தெளிவாகிறது. 'வடக்குப் பக்கம்' என்ற சொல்லை அது லட்சம் முறை படித்திருக்கலாம். ஆனால் எங்கேயும் நின்று வடக்கே திரும்பியதில்லை.

கேள்வி: அடுத்த சொல்லை ஊகிப்பதுதான் ஏஐயின் வேலை என்கிறார்கள். எப்படி ஊகிக்கிறது? உள்ளே அகராதி இருக்கிறதா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ஈரோடு

அகராதி இல்லை. ஊகிக்கும் முறைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. ரஷ்யக் கணித அறிஞர் ஆந்திரேய் மார்க்கோவ் 1913இல் புஷ்கினின் ஒரு செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக் கையால் எண்ணினார். உயிரெழுத்து 8,638, மற்றவை மெய். உயிருக்கு அடுத்தும் உயிர் வந்தது ஏறக்குறைய 100க்கு 13 இடங்களில். மெய்யை அடுத்து உயிர் வந்தது 100க்கு 66 இடங்களில். முந்தைய எழுத்து தெரிந்தாலே அடுத்ததைப் பற்றி இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

1948இல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் இதைச் சொற்களுக்குக் கொண்டுபோனார். அவர் சொன்ன வழியை நீங்களும் ஒரு நாவலை வைத்துச் செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு பக்கத்தைத் திறந்து, அந்தச் சொல் வரும்வரை படித்துப் போங்கள். வந்ததும் அதற்கு அடுத்த சொல்லை எழுதுங்கள். இப்போது அந்தப் புதிய சொல்லைத் தேடி இன்னொரு பக்கம். இருபது சொல் சேர்ந்தால் எங்கோ கேட்டதுபோன்ற, ஆனால் எங்கும் போய்ச் சேராத ஒரு வாக்கியம் கிடைக்கும்.

தமிழில் செய்யும்போது சீக்கிரமே தடைபடும். ஆங்கிலத்தில் 'மரம்' என்பதற்கு ஒருமை, பன்மை என்று இரண்டு வடிவம்தான். நமக்கோ மரத்தை, மரத்தில், மரத்திலிருந்து, மரங்களுக்கெல்லாம் என்று நீண்டுகொண்டே போகும். 'மரத்திலிருந்து' அந்த நாவலில் ஒரே ஒரு முறை வந்திருந்தால் அத்தோடு நின்றுவிடுவீர்கள். 'ஒரு', 'அந்த', 'என்று' போன்ற சொற்களில் தொடங்குங்கள், அல்லது சொல்லுக்குப் பதில் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை எடுத்தால் இன்னொரு சுவர் முட்டும். நம் எழுத்து 247. இரண்டெழுத்துச் சேர்க்கைகள் 61,009. மூன்றெழுத்து என்றால் 1,50,69,223. நான்குக்கு 370 கோடியைத் தாண்டும். எவ்வளவு பெரிய நூலகத்தை எண்ணினாலும் இந்த அட்டவணையில் பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே இருக்கும். எண்ணிப் பட்டியல் போடும் முறை தோற்றது இதனால்தான்.

இப்போதைய மொழி மாதிரிகள் (ஏஐக்குள் இருந்து அடுத்த சொல்லை ஊகிக்கும் நிரல்கள்) பட்டியல் போடுவதில்லை. ஒவ்வொரு சொல்துண்டுக்கும் (முழுச்சொல்லோ அதன் ஒரு பகுதியோ) ஓர் எண் வரிசையைக் கொடுத்து, ஒரே மாதிரியான இடங்களில் வருபவற்றின் எண்களை அருகருகே கொண்டுவருகின்றன. இட்லி, தோசை இரண்டையும் சுற்றிச் சட்னி, சாம்பார், மாவு என்ற சொற்களே வருவதால் அவை பக்கத்தில் போய் நிற்கும். அதனால் 'தோசை'யைப் பற்றிப் படித்தது 'இட்லி'க்கும் உதவுகிறது. காலிக் கட்டப் பிரச்சினை பெரும்பாலும் தீர்கிறது. பக்கவிளைவும் உண்டு. 'சூடு', 'குளிர்ச்சி' போன்ற எதிர்ச்சொற்களும் ஒரே மாதிரி இடங்களில்தான் வருகின்றன. ஆரம்பகால மாதிரிகள் அவற்றையும் நெருங்கிய உறவாக எடுத்துக்கொண்டன. 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் முறை, வாக்கியத்திலுள்ள மற்றச் சொற்களைப் பார்த்து ஒவ்வொரு சொல்லின் எண்களையும் திருத்துவதால் இந்தக் குறை வெகுவாகக் குறைந்தது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரிக்குள் 17,500 கோடி எண்கள் இருந்தன. படித்தது சுமார் 30,000 கோடி சொல்துண்டுகள். பதின்மூன்று வயதுக் குழந்தை அதுவரை கேட்டிருக்கும் சொற்கள் 10 கோடிக்குள் அடங்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இவ்வளவு குறைவாகக் கேட்டு இவ்வளவு கற்கும் குழந்தையை எந்த மாதிரியும் இன்னும் விளக்கவில்லை. இந்தத் துறையிலேயே எனக்குப் பெரிதாகப் படும் கேள்வி இதுதான்.

கேள்வி: அப்படியானால் ஏஐயை வெறும் கிளிப்பிள்ளை என்று சொல்லிவிடலாமா?
– அதே வாசகர்

கூடாது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் ஒத்தெல்லோ என்ற பலகை ஆட்டத்தின் நகர்வுகளை மட்டும் ஒரு சிறிய மாதிரிக்குக் கொடுத்தார்கள். 64 கட்டப் பலகையையோ விதிகளையோ அதற்குக் காட்டவே இல்லை. எங்கே காய் விழுந்தது என்ற குறிப்புகள் மட்டும், கோடிக்கணக்கான ஆட்டங்களுக்கு. பயிற்சி முடிந்து உள்ளே இருந்த எண்களை ஆராய்ந்தால் எந்தக் கட்டத்தில் எந்த நிறக் காய் என்பதைப் படிக்க முடிந்தது. அந்த எண்களைக் கையால் மாற்றியபோது, மாறிய பலகைக்கு ஏற்ற நகர்வை அது சொன்னது. தானாகவே ஒரு பலகையை அமைத்துக்கொண்டிருக்கிறது!

ஆனால் ஒத்தெல்லோவின் உலகம் முழுவதும் அந்த நகர்வுக் குறிப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. நம் உலகம் எழுத்துக்குள் அடங்குவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எழுதி வைப்பதும் இல்லை.

கேள்வி: தத்துவ அறிஞர் ஜான் சர்லின் 'சீன அறை' வாதம் கணினிக்குப் புரிதல் வராது என்று நிரூபித்துவிட்டதே?
– தத்துவ மாணவர், புதுச்சேரி

இல்லை. 1980இல் அவர் சொன்னது இது: சீனம் தெரியாத ஒருவர் பூட்டிய அறைக்குள் விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீனக் குறிகளுக்குச் சரியான பதில் குறிகளைத் தள்ளிக்கொண்டிருந்தாலும் அவருக்குச் சீனம் புரியவில்லை. அவருக்குப் புரியவில்லை, சரி. ஆள், புத்தகம் எல்லாம் சேர்ந்த அமைப்புக்குப் புரியலாமே என்பது எதிர்வாதம். எந்தச் சோதனையும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. என்ன செய்ய முடிகிறது, எங்கே தவறுகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

கேள்வி: ஏஐக்குத் தமிழ் புரிகிறதா என்று வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?
– இல்லத்தரசி, மதுரை

உண்டு. கணினி அறிஞர் ஹெக்டர் லெவெஸ்க் முன்வைத்த வினோகிராட் சோதனையைத் தமிழுக்கு ஏற்பச் செய்யலாம். இதைப் பாருங்கள்:

கமலா விமலாவிடம் ஒரு படி அரிசி கடன் கேட்டாள். அவள் வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது.
கமலா விமலாவிடம் ஒரு படி அரிசி கடன் கேட்டாள். அவள் வீட்டில் அரிசி நிறைய இருந்தது.

'அவள்' யார்? முதலாவதில் கமலா, இரண்டாவதில் விமலா. இலக்கணத்தில் இதற்கு விடை இல்லை. கடன் கேட்பது என்றால் என்ன என்று தெரிந்தால்தான் விடை வரும்.

இப்படி இருபது ஜோடிகள் எழுதுங்கள். எழுதும்போது கவனம் வேண்டும். இருவரும் ஒரே பாலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன், அவள் என்பதே விடையைக் காட்டிக்கொடுக்கும். ஒரே பாலாக இருந்தாலும் மாமியார், மருமகள் ஜோடி ஆகாது. மாமியார் 'சொன்னார்', மருமகள் 'சொன்னாள்' என்று மரியாதை விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலச் சோதனையை அப்படியே மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். இணையத்தில் பிரபலமான வாக்கியங்களையும் எடுக்காதீர்கள். விடையோடு சேர்த்தே அது படித்திருக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய உரையாடலில் கேளுங்கள். ஒரே உரையாடலில் கேட்டால் ஜோடியின் முதல் பாதியைப் பார்த்து இரண்டாவதுக்கு விடையைத் திருப்பிப் போட்டுவிடும்.

ஜோடியில் இரண்டும் சரியானால் மட்டும் ஒரு மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் நாலில் ஒன்று, அதாவது இருபதுக்கு ஐந்து கிடைக்கும். அதற்கு மேல் வருவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்தச் சோதனையைப் பெரிய மாதிரிகள் 2019 வாக்கிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு என்ற அளவில் தாண்டிவிட்டன. அதை வைத்துத் தமிழிலும் அப்படியே என்று நம்பிவிடக் கூடாது. ஜிபிடி-3 படித்த சொற்களில் 93 விழுக்காடு ஆங்கிலம்.

கேள்வி: 'வீட்டுக்கு' என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால் சாட்பாட் தப்பாகச் சொல்கிறது. இன்னொன்று: எங்கள் பழைய கோப்புகளில் 'கொடி' என்று தேடினால் சில இடங்களில் அகப்படுவதே இல்லை. ஏன்?
– டிடிபி மையம் நடத்துபவர், சிவகாசி

இரண்டுக்கும் வேர் ஒன்று. நமக்கு 'வீட்டுக்கு' ஐந்து எழுத்து. கணினிகளின் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் வ, ஈகாரக் குறி, ட, புள்ளி என்று தனித்தனியாக எண்ணி பத்துக் குறியீடுகள். யூடிஎஃப்-8இல் சேமித்தால் குறியீட்டுக்கு மூன்று வீதம் 30 பைட். மொழி மாதிரிகள் பலவும் இந்தப் பைட்களில் அடிக்கடி சேர்ந்து வருபவற்றை ஒட்டி டோக்கன்களை, அதாவது முன்பு சொன்ன சொல்துண்டுகளை, உண்டாக்குகின்றன. 1994இல் பிலிப் கேஜ் கோப்புகளைச் சுருக்குவதற்காகக் கண்ட வழி இது. ஆங்கிலம் மிகுதியாக இருப்பதால் ஆங்கிலத்தில் ஒரு முழுச்சொல் ஒரு டோக்கன் ஆகிவிடும். தமிழோ எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்படலாம். மாதிரி பார்ப்பது எழுத்தை அல்ல, வெட்டிய துண்டின் எண்ணை. எழுத்தெண்ணிக்கை தவறுவது இதனால்தான். எண்ணச் சொல்வதற்கு முன் 'ஒவ்வோர் எழுத்தையும் தனி வரியில் எழுது' என்று கேளுங்கள், பிழை குறையும். உறுதியாக வேண்டுமானால் பைதான் நிரல்மொழியில் சிறிய நிரல் எழுதுங்கள். ஆனால் நீளம் சொல்லும் சாதாரணக் கட்டளை பத்து என்றே சொல்லும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தவிர்த்து எண்ண வேண்டும்.

'கொ'வின் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாக, அல்லது எகரக் குறியும் காலும் என இரண்டாக. திரையில் வேறுபாடு தெரியாது. தேடலுக்கு இரண்டும் வேறு. எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படி இரண்டாகப் பிரிந்தவற்றை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு முறை) மாற்றினால் இது சரியாகும்.

ஔகாரத்தில் மட்டும் அது உதவாது. 'மௌனம்' என்பதை 'மெளனம்' என்று எகரக் குறியும் ளகரமுமாக அடித்திருந்தால் அது வேறு எழுத்து, என்எஃப்சி அதைத் தொடாது. மொத்தமாகக் கண்டுபிடித்து மாற்றவும் கூடாது. தெளிவு, வெள்ளை, கெளுத்தி எல்லாம் உடைந்துபோகும். ளகரத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மிச்சத்தில் கௌரவம், பௌர்ணமி போன்றவை சரியாகும். கதைகளின் பேச்சு வழக்கில் வரும் 'வெளக்கு', 'மெளகா' போன்றவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து விலக்க வேண்டும்.