வாங்குவோர் கேள்வி-பதில்: பறித்த தேதி எங்கே?

இந்த வாரம் தேயிலைக் கடிதங்களாகவே வந்து குவிந்துவிட்டன. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். கடைக்காரரைத் திட்டிய பகுதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்ததால் அவையும் போயின.

கேள்வி: கிரீன் டீயை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து வடிக்கிறேன். தேன் விட்டாலும் கசக்கிறது. வேறு கம்பெனிக்கு மாறலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: கம்பெனி என்ன செய்யும் அம்மா? அடுப்பில் ஏற்றினால் எந்த கிரீன் டீயும் கஷாயம்தான். தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து, டம்ளரில் ஊற்றி, மூடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். 80 டிகிரிக்குப் பக்கத்தில் வந்திருக்கும். பிறகு இலையைப் போட்டு, இரண்டே நிமிடத்தில் வடித்துவிடுங்கள். 200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை போதும். அதற்கும் கசந்தால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 'நீலகிரி ஆர்த்தடாக்ஸ்' என்று 250 கிராம் 600 ரூபாய்க்கு வாங்கினேன். பாலில் போட்டுக் கொதிக்க வைத்தால் சாயமே இறங்கவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (வாசகர், கோவை)

பதில்: தாராளமாகப் போகலாம். பஸ் செலவு உங்களுடையது, தோல்வியும் உங்களுடையது. உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நாம் தினமும் பாலில் போடும் டீத்தூள் சிடிசி முறையில் செய்தது. பற்கள் உள்ள உருளைகளுக்கு இடையில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறார்கள். அதனால் ஒரு நிமிடத்தில் சாயம் இறங்கி, பாலுக்கும் ஈடுகொடுக்கிறது. ஆர்த்தடாக்ஸ் என்பது இலையை வாட்டி, கிழிக்காமல் உருட்டிக் காயவைப்பது. அதில் நீங்கள் காசு கொடுத்தது மணத்துக்கு. கொதித்து இறக்கிய தண்ணீரை அதன்மேல் ஊற்றி, மூடி, மூன்று நான்கு நிமிடத்தில் வடித்துப் பால் இல்லாமல் குடியுங்கள். பால்தான் வேண்டுமென்றால் தெருமுனை மளிகைக் கடையில் இதைவிடக் குறைந்த விலைக்கு நல்ல தூள் கிடைக்கும். இதெல்லாம் உறையின் பின்பக்கத்தில் அச்சடித்துத்தான் இருக்கிறது. படிக்க யாருக்கும் நேரமில்லை, வழக்குப் போட மட்டும் நேரமிருக்கிறது.

கேள்வி: ஊட்டிக்குப் போனபோது வேன் ஓட்டுநர் ஒரு கடையில் இறக்கிவிட்டார். வெள்ளைத் தேயிலை, குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்று 100 கிராம் 1,800 ரூபாய்க்குத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் பழுப்பு நிறத்தில் இலைத் துண்டுகள். பில் தரவில்லை. பணத்தை யுபிஐ மூலம் அனுப்பினேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)

பதில்: ஐயா, படித்தபோது கோபம்தான் வந்தது, உங்கள்மேல் அல்ல. நோயைச் சொல்லி விற்பவன் பாதி விலையை உங்கள் பயத்திலிருந்து எடுக்கிறான். 'சில்வர் டிப்ஸ்' என்னும் வெள்ளைத் தேயிலை விரியாத மொட்டு மட்டுமே. ஊசிபோல நீண்டு, மேலே வெள்ளி நிற மென்முடி படர்ந்திருக்கும். விரலில் வைத்துத் தேய்த்தால் அந்த மென்முடி ஒட்டும். வடித்தால் வெளிர்மஞ்சளுக்கு மேல் நிறம் ஏறாது. மொட்டோடு இலையும் சேர்ந்த மலிவான வகையும் வெள்ளைத் தேயிலையில் உண்டு. ஆனால் 1,800 ரூபாய் கேட்பவன் மொட்டைத்தான் காட்ட வேண்டும்.

பில் இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். உங்கள் யுபிஐ பதிவில் தேதி, தொகை, பணம் பெற்றவர் பெயர் மூன்றும் இருக்கின்றன. அதை எடுத்து வையுங்கள். பொட்டலத்தை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். மீதி இலையைக் குடித்துத் தீர்க்க வேண்டாம், அதுதான் சாட்சி. உறையில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவே தனிக் குற்றம். நோய் தீரும் என்று சொல்லி உணவுப் பொருளை விற்பதும் தவறு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். நீலகிரி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் ஒரு கடிதம் போகட்டும். அசையவில்லை என்றால் ஊட்டிக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: தேயிலை டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: மீன் குழம்பு வாசனையில் டீ குடிக்கப் பிடிக்குமென்றால் வைக்கலாம்.

கேள்வி: டார்ஜிலிங் 'ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்' (ஆண்டின் முதல் பறிப்பு) இணையத்தில் வரவழைத்தேன். பொட்டலமிட்டது போன மாதம். ஆனால் வைக்கோலைக் கொதிக்க வைத்த மாதிரி இருக்கிறது. கேட்டால், புதுச் சரக்குதான் என்று சாதிக்கிறார்கள். (வாசகர், சென்னை)

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். உறையில் தயாரித்த தேதியோ பொட்டலமிட்ட தேதியோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். இலையைப் பறித்த தேதியை யாரும் கேட்பதில்லை. இரண்டு ஆண்டு கிடங்கில் கிடந்த மூட்டையை நேற்றுப் பிரித்து, பளபளக்கும் தகரப் பெட்டியில் அடைத்தால், அது 'போன மாதச் சரக்கு' ஆகிவிடுகிறது. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வாங்கும் நாமோ பெட்டியின் மேலிருக்கும் யானைப் படத்தைப் பார்த்துக் காசை எடுக்கிறோம்.

டார்ஜிலிங்கில் முதல் பறிப்பு பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும். இரண்டாவது மே, ஜூனில். மழைக்காலத்து இலை தனி, அக்டோபர், நவம்பர் இலை தனி. முதல் பறிப்பின் பெருமையெல்லாம் பூவைப் போன்ற அந்த இளம் மணம்தான், அதுதான் முதலில் பறந்துபோவதும். ஓராண்டு தாண்டினால் மிஞ்சுவது நீங்கள் குடித்த வைக்கோல். ஆகவே 'ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்' என்று போட்டு ஆண்டைப் போடாதவரிடம் வாங்காதீர்கள். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று எழுதிக் கேளுங்கள். தெரிந்தவர் பதில் சொல்வார், தெரியாதவர் தள்ளுபடி தருவார்.

இன்னொன்று. இந்தியாவில் முதன்முதலில் புவிசார் குறியீடு பெற்றது டார்ஜிலிங் தேயிலை. அந்த மலையில் ஓராண்டில் விளைவது ஒரு கோடி கிலோவுக்கும் குறைவு. அந்தப் பெயரில் விற்பதோ அதைவிட எவ்வளவோ அதிகம். நேபாளத்து இலை டார்ஜிலிங் பெயரில் வருகிறது என்று தோட்டக்காரர்களே பல ஆண்டுகளாகப் புலம்புகிறார்கள். நேபாளத்து இலை மட்டமானதல்ல. அதன் சொந்தப் பெயரில், அதன் விலைக்கு விற்கட்டும். உறையில் தேயிலை வாரியத்தின் டார்ஜிலிங் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்: கையில் கொழுந்து ஏந்திய பெண்ணின் பக்கவாட்டு முகம். நம் நீலகிரியிலும் இதே கதைதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் மெல்ல வளரும் கொழுந்துக்குத்தான் தனி மணம். 'வின்டர்' என்று அச்சடிக்கிறார்கள், எந்த ஆண்டுக் குளிர்காலம் என்று மட்டும் சொல்வதில்லை.

கேள்வி: இலைத் தேயிலைக்கு என்ன பாத்திரம் வாங்க வேண்டும்? சங்கிலி கட்டிய உருண்டை வடிகட்டி நல்லதா? (வாசகி, ஈரோடு)

பதில்: உருண்டை வேண்டாம். ஊறும் இலை விரிய இடம் வேண்டும், அதில் இடமில்லை. என் பரணில் இருப்பவை: ஊற்றும்போதெல்லாம் மூக்கு வழியாகவும் மூடி வழியாகவும் ஒழுகும் கண்ணாடிக் கெண்டி, எந்த வெப்பநிலைக்கு வைத்தாலும் 100-க்குப் போய் நிற்கும் விலையுயர்ந்த மின்கெண்டி, மீன் உருவத்தில் ஒரு சிலிக்கோன் வடிகட்டி, அது எதற்கு என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் இருக்கும் மூடி போட்ட பாத்திரமும் எவர்சில்வர் வடிகட்டியும் போதும். காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு சிறிய சமையல் தராசு வாங்குங்கள். டீஸ்பூன் கணக்கு இலைக்கு ஒத்துவராது. ஒரு டீஸ்பூன் தூளின் எடைக்கு வெள்ளைத் தேயிலை கைப்பிடி அளவு வரும்.

கேள்வி: ஊலாங் (கிரீன் டீக்கும் கருந்தேயிலைக்கும் நடுவான வகை) 100 கிராம் 900 ரூபாய். இது பகல் கொள்ளை இல்லையா? (வாசகர், சேலம்)

பதில்: ஒரு முறை ஊற்றி இலையைச் செடிக்குப் போட்டால் கொள்ளைதான். 5 கிராம் இலைக்கு 150 மில்லி, 90 டிகிரிச் சூட்டில் முதல் வடிப்பு ஒரு நிமிடம். பிறகு ஒவ்வொரு தடவையும் சிறிது கூடுதல் நேரம். நான்கு வடிப்பு வரை சுவை நிற்கும். 5 கிராம் 45 ரூபாய், ஒரு கோப்பைக்கு 11 ரூபாய் சொச்சம். கடை டீயின் விலையைப் பாருங்கள்.

கேள்வி: மொத்தக் கடையில் உதிரியாக வாங்கிய டீத்தூள், பச்சைத் தண்ணீரில் போட்டவுடனே சிவப்பாக ஓடுகிறது. காந்தத்திலும் கொஞ்சம் ஒட்டுகிறது. (வாசகி, மதுரை)

பதில்: காந்தத்தை விடுங்கள். உருளைகள் தேய்ந்து ஓரளவு இரும்புத் துகள் விழும், சட்டமே ஒரு வரம்பு வரை அனுமதிக்கிறது. சாயம்தான் வில்லங்கம். வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து நனைத்து, தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயடியில் கழுவுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நல்ல தூள் கறை விடாது. குடித்துக் கழித்த தூளுக்குச் சாயம் ஏற்றியிருந்தால் கரும்பழுப்புத் திட்டு நிற்கும். நின்றால் மீதித் தூளைக் கட்டி, உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுங்கள், கடைக்காரரிடம் அல்ல. அவர் மாற்றித் தருவார், அதே மூட்டையை உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்பார்.

கேள்வி: கட்டன் டீ ஆறியதும் மேலே எண்ணெய்போல ஆடை படர்கிறது. கலப்படமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: போர்வெல் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தின் வேலை. ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் கரைந்துவிடும். நாளைக்குக் கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.