ஆவி என்றால் பேய் மட்டும்தானா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

நீராவி எஞ்சின்களும் நாட்டார் தெய்வங்களும் சேர்ந்து நடமாடும் மூன்று நாவல்களை எழுதியிருக்கிறேன். மூன்றுமே திருநெல்வேலிச் சீமையில் நடப்பவை. அவற்றைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை மாணவி: ஸ்டீம்பங்க் என்றால் என்ன அக்கா? தமிழில் எப்படிச் சொல்வது?

மின்சாரமும் பெட்ரோலும் வந்து இடத்தைப் பிடிக்காமல், நீராவியே தொடர்ந்து உலகத்தை ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கும் கதை. 1987இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பெயரை வைத்தார். நான் ‘நீராவிப் புனைவு’ என்கிறேன்.

முதல் நாவலின் அட்டையில் ‘ஆவிப் புனைவு’ என்று போட்டிருந்தோம். கடைகளில் அதைப் பேய்க்கதை வரிசையில் வைத்துவிட்டார்கள். வாங்கிப் படித்தவர்கள் “பேய் எங்கே?” என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. நம் மொழியில் இட்லிக் கொப்பரையிலிருந்து கிளம்புவதும் ஆவி, உடம்பை விட்டுப் போவதும் ஆவி. எஞ்சினில் செத்துப்போன ஒரு ஃபயர்மேன், அதாவது கரி அள்ளிப் போடுபவன், அந்தக் கொதிகலனுக்குள்ளேயே குடியிருக்கிறான் என்ற இரண்டாவது நாவல் அப்படித்தான் பிறந்தது. கதையைக் கொடுத்தவர்கள் ஏமாந்துபோன வாசகர்கள். அவர்களுக்கு நன்றி.

தென்காசி வாசகர்: இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்? வருமானம் உண்டா?

அப்பா செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் பாதையில் ஃபயர்மேனாக இருந்தார். மலையேறும்போது கரி அள்ளிப் போடும் கை ஓய்ந்தால் வண்டி நின்றுவிடும் என்பார். எத்தனை சோப்புப் போட்டாலும் அவருடைய உள்ளங்கை ரேகைகளில் கருப்பு போகாது. எஞ்சின் என்றதும் எனக்குப் பித்தளையும் பல்சக்கரமும் ஞாபகத்துக்கு வருவதில்லை, அந்தக் கைதான் வரும்.

முதல் நாவலை மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கைக்காசு போட்டு 300 பிரதி அச்சடித்தேன், விற்றுத் தீர இரண்டு வருடம் ஆனது. சாப்பாடு போடுவது இன்றைக்கும் ஆசிரியை சம்பளம்தான். எழுத ஆசைப்பட்டு வேலையை விட்டுவிடாதீர்கள்.

கோவில்பட்டி வாசகர்: நானும் எழுதுகிறேன். வில்லன் நெருப்பைக் கூட்டிக்கொண்டே போகிறான், கொதிகலன் வெடிக்கிறது. சரியாக இருக்குமா?

பாதிதான் சரி. அழுத்தம் கூடினால் காப்பு வால்வு திறந்து ஆவியை வெளியே விட்டுவிடும். உங்கள் வில்லன் முதலில் அதை அடைக்க வேண்டும். ஆனால் எஞ்சின்காரர்கள் அதிகம் பயந்தது தண்ணீர் குறைவதற்கு. அடுப்பின் கூரைத் தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது இறங்கிவிட்டால் தகடு பழுத்து, இளகி, அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிடும். உள்ளே இருக்கும் சூடான தண்ணீர் மொத்தமும் ஒரே நொடியில் ஆவியாகப் பார்க்கும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அந்த விரிவுதான் ஆளைக் கொல்கிறது. இதற்காகவே கூரைத் தகட்டில் ஈயம் அடைத்த ஒரு திருகு இருக்கும். தண்ணீர் இறங்கினால் முதலில் ஈயம் உருகும், ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும்.

உங்கள் காட்சியில் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் இறங்குவதை ஒருவன் பார்க்கட்டும். பார்த்தும் சொல்லாமல் இருக்கட்டும். வெடிச் சத்தத்தைவிட அது பயமாக இருக்கும்.

இன்னொன்று: ஆவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் வெள்ளைப் புகை, ஆவி குளிர்ந்து துளியானது. கெண்டியின் மூக்கை ஒட்டி ஒரு விரற்கடை வெறுமையாகத் தெரியும் பாருங்கள், சுடுவது அந்த இடம்.

எழுத வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன்: எஞ்சினை வரைவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, விறகு எங்கிருந்து வருகிறது, அதை யார் சுமக்கிறார்கள் என்று கணக்குப் போடுங்கள்.

விக்கிரமசிங்கபுரம், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி: பாபநாசம் மில் அருவித் தண்ணீரில் ஓட ஆரம்பித்த மில். முதல் நாவல் ஏழாம் அத்தியாயத்தில் அங்கே எதற்குக் கரிப்புகை?

அண்ணாச்சி, தப்பு என்னுடையது. மில்லைத் தொடங்கிய ஹார்வி சகோதரர்கள் 1880களில் மலையடிவாரத்துக்கு வந்ததே தாமிரபரணியின் வீழ்ச்சிக்காகத்தான். அது தெரிந்திருந்தும் காட்சி அழகுக்காகப் புகைக்கூண்டு வைத்தேன்.

தூத்துக்குடி வாசகர்: கற்பனைக் கதைதானே மேடம், வரலாறு எதற்கு? அவர் சொல்வதற்கெல்லாம் ஏன் இறங்கிப்போகிறீர்கள்?

இறங்கிப்போகவில்லை தம்பி, அவர் சொல்வது கதைக்கே நல்லது. கொதிகலனுக்குள் ஆவி குடியிருக்கலாம், நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் நம் மாவட்டத்தில் நிலக்கரி கிடையாது. வாசலில் அருவி இலவசமாகக் கொட்டும்போது, கப்பலிலும் ரயிலிலும் வந்த கரியை மலையடிவாரம் வரை இழுத்துக்கொண்டு வந்து எவனாவது எரிப்பானா? உங்கள் ஊரில் அருவி இல்லை, துறைமுகம் இருக்கிறது. அங்கே புகைக்கூண்டு வைத்தால் நியாயம்.

அதே விக்கிரமசிங்கபுரம் அண்ணாச்சி: அந்தத் தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மில்லுக்கு என்ன ஆகும் என்று யோசித்தாரா? அதில் கதை இல்லையா?

இருக்கிறது! கோடையில் ஆறு மெலிகிறது, கீழே வயல்காரர்கள் காத்திருக்கிறார்கள், மேலே சக்கரம் சுற்ற வேண்டும். புகைக்கூண்டை வைத்து இந்தச் சண்டையைத் தொலைத்துவிட்டேன். மறுபதிப்பில் ஏழாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்தே இன்னொருவர்: இந்த வகைக் கதைகள் வெள்ளைக்காரன் காலத்தை அழகாகக் காட்டவில்லையா?

பல கதைகள் காட்டுகின்றன, எனக்கும் அது பிடிக்காது. ஆனால் உங்கள் ஊரில் நீராவி யாருடையது என்பதே பெரிய போராட்டமாக இருந்தது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்ற கப்பல்கள் ஓடின. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது. 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவர் துணை நின்றார். அதே ஆண்டு மார்ச்சில் கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

என் மூன்றாவது நாவலில் அந்தக் கம்பெனி கலையவில்லை. உடைமர விறகில் ஓடும் கப்பல்களைக் கட்டுகிறார்கள். பதநீர் காய்ச்சி அடுப்பின் சூட்டை அறிந்த பெண்கள் எஞ்சின் அறைக்குள் போகிறார்கள். இதை எழுதத்தான் இந்த வகைக்கே வந்தேன்.

வள்ளியூர்: நான்காம் நாவல் எப்போது?

எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சங்கரன்கோவில்: அடுத்த நாவல் எப்போது அக்கா?

மேலே பார்க்கவும்.

நாங்குநேரி: என் நாவலைப் படித்துக் கருத்துச் சொல்வீர்களா? பறக்கும் தேர், 1,000 குதிரைத் திறன் எஞ்சின்.

தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? அதை எழுதிவிட்டு முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்புங்கள்.

திசையன்விளை: என் கதையைத் திருடிவிட்டார்கள். என்ன செய்வது?

வக்கீலைப் பாருங்கள். இதில் என் யோசனையைக் கேட்காதீர்கள்.

ஆலங்குளம், ஏழாம் வகுப்பு மாணவன்: டப்பாவில் எஞ்சின் செய்யலாமா?

மூடிய டப்பாவில் ஒருநாளும் தண்ணீர் காய்ச்சாதே கண்ணு. திறந்த பாத்திரத்து ஆவியில் காகிதக் காற்றாடியைச் சுற்றவிடு, கையைத் தள்ளி வைத்துக்கொள். பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம்: அடுத்த நாவல்…

ஏழாம் அத்தியாயம் முடிந்த பிறகுதான்.

விக்கிரமசிங்கபுரம் அண்ணாச்சி, மறுபடியும்: எழுதுவதற்கு முன் ஒருமுறை ஊருக்கு வாருங்கள். தண்ணீர் வந்த வழியைக் காட்டுகிறேன்.

வருகிற ஞாயிறு, காலை முதல் பஸ்ஸில் வருகிறேன் அண்ணாச்சி. நோட்டும் கொண்டுவருகிறேன்.