முதுமலையில் கூடலூர்ப் பக்கம் அடைமழை பெய்யும்போது மசினகுடியில் மட்டும் ஏன் வெயில் அடிக்கிறது?

ஜூலை மாதத்தில் முதுமலைக்குச் செல்ல விரும்பும் நண்பர்கள் பலரும் இதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். சில முறை அந்தச் சாலையில் பேருந்தில் சென்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். கூடலூரில் ஏறும்போது சன்னலின் தகரத் தடுப்பை இறக்கிவிட்டும் மடி நனைந்தது. தொரப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டி, கார்குடியின் தேக்குக் காட்டுக்குள் நுழைந்தபோது மழை தூறலாயிற்று. தெப்பக்காட்டுப் பாலத்தில் ஓட்டுநர் கண்ணாடித் துடைப்பானை நிறுத்தினார். மசினகுடியில் இறங்கியபோது காலடியில் புழுதி கிளம்பியது. மொத்தத் தொலைவு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர்தான்.

இதற்குக் காரணம் தெற்கே சுவர்போல நிற்கும் நீலகிரி மேட்டுநிலம். அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குச் சரிவிலும் குந்தா மலை விளிம்பிலும் மோதி மேலேறிக் குளிர்ந்து, பெரும்பகுதி நீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. எஞ்சிய காற்று சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள உதகையைக் கடந்து, மசினகுடி அமைந்துள்ள, 900 மீட்டரை ஒட்டிய சீகூர்ப் பகுதிக்கு இறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கப்படுவதால் நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வரை சூடாகிறது. சூடாகும் காற்றில் மேகம் நிலைக்காது. உதகையிலிருந்து முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டிச் சாலையில் இறங்குபவர் பாதி வழியிலேயே கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடுவார்.

ஆகவே ஒரே காட்டின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் மழை, கிழக்கு ஓரத்தில் 600 முதல் 800 வரையாகச் சுருங்குகிறது. கிழக்குப் பகுதிக்கு ஜூலையைவிட அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழையும் கோடையின் இடிமழையுமே பெரிய ஆறுதல். நான் மழைமானியைவிட மரங்களையே நம்புவேன். மேற்கே தேக்கும் ஈட்டியும் வேங்கையும் ஓங்கி நிற்கும். நடுவில் இலையுதிர் காடு. கிழக்கே உசிலையும் வேலமும் முள்ளுமாகக் குட்டையாகிவிடும். நடுப்பகுதியில் பிப்ரவரிக்குள் இலைகள் உதிர்ந்து தரை சருகால் மூடப்படுவதால், ஏப்ரல் வரை தீ அச்சம் நீடிக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1988-இல் இங்கு ஐம்பது ஹெக்டேர் நிலத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டு முதல் ஒவ்வொன்றையும் அடையாளமிட்டு அளந்து வருவதற்கு, மழையும் தீயும் மரங்களை எப்படி மாற்றுகின்றன என்பதை அறியும் ஆவலும் ஒரு காரணம்.

நதியைப் பற்றியும் ஒரு சொல். பைக்காராவாக மேட்டுநிலத்தின் மழையை வாங்கி இறங்கும் ஆறு, மாயாறு என்று பெயர் மாறி, பந்திப்பூர் எல்லையை ஒட்டி ஆழமான பள்ளத்தாக்கில் கிழக்கு நோக்கி ஓடிப் பவானிசாகரில் சேருகிறது. வறண்ட சீகூர்க் காட்டின் யானைகள் கோடையில் அந்த நீரை நாடுவது, மேற்கில் பெய்த மழையின் பங்கு கிழக்குக்குச் சேரும் வழிகளுள் ஒன்று.

ஜூலையில் விலங்குகளைக் காண வருவதானால் மசினகுடியில் தங்குங்கள். குடையைக் கூடலூருக்காக எடுத்து வாருங்கள்.