தீங்கையும் படைத்தவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏசாயா 45:7-இல் ‘தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே’ என்று கர்த்தர் சொல்கிறார். ‘தீங்கை அனுமதிக்கிறவர்’ என்பதுதான் சரியான பொருள் என்று வேதபாட வகுப்பில் விளக்கினார்கள். மொழிபெயர்ப்பில் பிழையா?

பதில்: மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. அந்த விளக்கம்தான் நிற்காது. ஒளி, இருள், சமாதானம், தீங்கு என நான்கையும் அந்த வசனம் சொல்கிறது. எபிரெயத்தில் ஒளிக்கு ‘யோட்சேர்’ என்று வருகிறது. குயவன் மண்ணை வனைவதற்கான சொல் அது. சமாதானத்துக்கு ‘ஓசே’, செய்கிறவர். இருளுக்கும் தீங்குக்கும் மட்டும் ‘போரே’. ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் வானத்தையும் பூமியையும் படைத்ததைச் சொல்லும் ‘பாரா’ என்ற அதே வினை இது. ‘படைத்தல்’ என்ற பொருளில் இந்த வினைக்கு எபிரெய வேதத்தில் கடவுளே எழுவாய். இதை ‘அனுமதித்தல்’ என்று தளர்த்த இலக்கணம் இடம் தராது.

விவாதத்துக்கு இடம் ‘தீங்கு’ என்று பெயர்க்கப்பட்ட ‘ரா’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒழுக்கக்கேடு, பேரழிவு இரண்டுமே ‘ரா’தான், எரேமியா 24-இல் தின்ன முடியாத அத்திப்பழங்களுக்கும் அதே சொல். ஏசாயாவில் அதற்கு எதிராக நிற்பது ‘ஷாலோம்’, அதாவது சமாதானம். ஆகவே போர், வீழ்ச்சி, சிறையிருப்பு போன்ற கேடு என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அடித்துச் சொல்லவும் முடியாது: சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருளில் ‘ஷாலோம்’ வர வேண்டிய இடத்தில் ‘தோவ்’, அதாவது நன்மை, என்று இருக்கிறது. ‘தோவ்’, ‘ரா’ என்ற இணை நேராக நன்மை தீமை அறியத்தக்க ஏதேன் மரத்துக்கு இழுத்துப் போகிறது. யூதர்களின் காலை ஜெபத்தில் இந்த வசனம் வரும்போது ‘தீங்கை’ என்பதற்குப் பதில் ‘எல்லாவற்றையும் படைக்கிறவர்’ என்று சொல்கிறார்கள். இந்த உறுத்தல் மிகப் பழையது.

கேள்வி: ஜனத்தொகை எடுக்கத் தாவீதைத் தூண்டியது 2 சாமுவேல் 24:1-இல் கர்த்தர், 1 நாளாகமம் 21:1-இல் சாத்தான். எது சரி?

பதில்: இரண்டையும் ஒட்டவைக்க முயலாதீர்கள்; நாளாகமம் பிற்காலத்தது. கர்த்தரே தூண்டிவிட்டுத் தண்டித்தார் என்று எழுத அதன் ஆசிரியருக்கு மனம் வரவில்லை என்றே படுகிறது. யோபுவில் ‘ஹ-சாத்தான்’ என்று சுட்டிடைச்சொல்லோடு வரும்; குற்றஞ்சாட்டுகிறவன் என்ற பதவிப்பெயர் அது, அவன் நிற்பதும் தேவ சந்நிதியில்தான். நாளாகமத்தில் அந்தச் சுட்டு இல்லை. தீமையின் பொறுப்பு கடவுளிடமிருந்து கைமாறத் தொடங்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

கேள்வி: நாஸ்டிக்குகள் பாம்பை வணங்கிய நாத்திகர்களா?

பதில்: இரண்டும் தவறு. கிறிஸ்தவத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் இருந்த சில குழுக்களுக்கு இடப்பட்ட பெயர் நாஸ்டிக்குகள். நாத்திகத்துக்கும் இதற்கும் ஓசை ஒற்றுமை மட்டுமே. கிரேக்க ‘க்னோசிஸ்’ நம் ‘ஞானம்’ என்ற வடசொல்லோடு ஒரே வேரிலிருந்து பிறந்தது. விடுதலை தருவது அறிவு என்றார்கள். கடவுளை மறுக்கவில்லை, படைத்தவனைத்தான் கீழே இறக்கினார்கள்.

1945-இல் மேல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே 13 காப்டிக் (பிற்கால எகிப்திய மொழி) ஏடுகள் கிடைத்தன. அவற்றில் ‘யோவானின் இரகசிய நூல்’ மூன்று பிரதிகளில் இருக்கிறது. நான்காவது பெர்லின் ஏட்டில். அந்த நூலின் கதையில் எல்லாவற்றுக்கும் மேலே உன்னதத் தகப்பன்; அவரிடமிருந்து வந்த தெய்வ வடிவங்களில் ஒருத்தி சோபியா (ஞானம்). அவள் தன் துணையின் இசைவில்லாமல் ஈன்ற பிறவி யால்தபாவோத். பாம்புடல், சிங்கமுகம். இந்த உலகைச் செய்தவன் அவனே. ‘நான் எரிச்சலுள்ள தேவன், என்னைத் தவிர வேறு தேவன் இல்லை’ என்று அவன் முழங்குகிறான். யாத்திராகமம் 20:5-ம் ஏசாயா 45:5-ம் ஒரே மூச்சில்! உடனே நூல் கேட்கிறது: வேறொருவர் இல்லையென்றால் யார்மேல் எரிச்சல்? வேதத்தை வரி வரியாகப் படித்தவரால்தான் இப்படிக் கேட்க முடியும்.

பாம்பைப் பற்றி அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ‘சத்தியத்தின் சாட்சி’ என்ற நூல் பாம்பின் பக்கம் நிற்கிறது. ‘ஆதாமே, எங்கே இருக்கிறாய்’ என்று கேட்டவருக்கு முன்னறிவு இல்லை என்கிறது. யோவானின் நூலிலோ கனியைப் புசிக்க வைத்தவர் கிறிஸ்து. பாம்பு கற்பித்தது இச்சையை.

கேள்வி: மார்சியோன் நாஸ்டிக்கா?

பதில்: அப்படிச் சேர்ப்பது வழக்கம், எனக்கு உடன்பாடில்லை. கி.பி. 144-இல் ரோமச் சபையைவிட்டு விலக்கப்பட்ட போதகரான அவரும் இரண்டு கடவுள்கள் என்றார். ஆனால் சோபியாவின் கதையோ, மனிதனுக்குள் சிறைப்பட்ட தெய்வப்பொறியோ அவரிடம் இல்லை. அவர் கேட்டது இரகசிய அறிவை அல்ல, விசுவாசத்தை.

கேள்வி: படைத்தவன் வேறு, உன்னதத் தகப்பன் வேறு என்றால் தீமையின் கேள்வி தீர்ந்துவிடுகிறதே?

பதில்: தீரவில்லை, இடம்தான் மாறுகிறது. சோபியா பிறந்தது தெய்வ நிறைவான ப்ளெரோமாவுக்குள். எல்லாமே தகப்பனிடமிருந்து வந்ததென்றால் அவள் தவறும் எங்கிருந்து வந்தது? சில படிகள் மேலே ஏறி, அதே கேள்வி காத்திருக்கிறது.

எல்லோரும் படைத்தவனைக் கொடியவனாக்கவும் இல்லை. வாலன்டீனியர் என்ற நாஸ்டிக் பிரிவின் ஆசிரியர் தாலமி ‘ஃப்ளோராவுக்குக் கடிதம்’ எழுதினார். நாஸ்டிக்குகளை மறுத்து எழுதிய ஆயர் எப்பிபானியுஸ் அதை முழுதாகப் பதிவுசெய்ததால் நமக்குக் கிடைக்கிறது. மோசேயின் சட்டத்தில் ஒரு பகுதி கடவுளுடையது, ஒன்று மோசேயுடையது, ஒன்று மூப்பர்களுடையது என்று இயேசுவின் சொற்களை வைத்தே பிரிக்கிறார். மோசேயுடையதற்குச் சான்று தள்ளுதற்சீட்டு (விவாகரத்துச் சீட்டு), மத்தேயு 19; மூப்பர்களுடையதற்குக் கொர்பான் (காணிக்கை நேர்ச்சை), மத்தேயு 15. சட்டம் தந்தவர் பூரணரும் அல்ல, பிசாசும் அல்ல. நடுவில் நிற்கும் நீதிபரர் என்று முடிக்கிறார். நாஸ்டிக் எழுத்துகளில் இதைவிட நிதானமான வாதத்தை நான் படித்ததில்லை.

ஆனாலும் நான் யோபுவின் பக்கம். யோபு ஒரே கடவுளோடு வழக்காடுகிறான். 42:7-இல் கர்த்தரே, நண்பர்கள் பேசியது தவறு, யோபு பேசியது நிதானம் என்கிறார். யால்தபாவோத்திடம் முறையிட்டு என்ன பயன்? தகப்பனோ இந்த உலகைச் செய்யவே இல்லை. புலம்புகிறவனுக்கு ஒரு விலாசம் வேண்டும். அதை எடுத்துவிடும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: முதலில் ஆதியாகமம் 1 முதல் 6 வரை, பிறகு ஏசாயா 40 முதல் 48 வரை. அதன்பின் யோவானின் இரகசிய நூல். அதற்குக் குறும்பாடம், நெடும்பாடம் என இரண்டு வடிவங்கள் உண்டு. 2, 4 ஆகிய நாக் ஹம்மாதி ஏடுகளில் இருப்பது நெடும்பாடம். எந்தப் பாடம் என்று குறிப்பிடாத மொழிபெயர்ப்பை வைத்து வாதாடினால், எதிராளி கையில் வேறு வாசகம் இருக்கும். நாஸ்டிக்குகளை எதிர்த்து சுமார் கி.பி. 180-இல் எழுதிய ஆயர் இரேனியுஸை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். எதிர்த்தரப்பின் சுருக்கம் அது. ‘மோசே சொன்னபடி அல்ல’ என்று யோவானின் இரகசிய நூலில் பல இடங்களில் வரும். அங்கெல்லாம் நிறுத்தி, ஆதியாகமத்தைத் திறந்து, எந்த வசனம் திருப்பப்படுகிறது என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.